இரண்டாம் கட்டு

செக்காலை ரோட்டில், அரிசிக் கடைக்கு மேல் என் ஆபீஸ்.
கீழே மூட்டை விழும்போதெல்லாம்
மேஜை ஒருதரம் அதிரும்.
சாத்தப்பன் வந்து உட்கார்ந்ததும் அதிர்ந்தது
மூட்டையாலா, அவன் காலாட்டியதாலா, தெரியவில்லை.

"ஷமீமா, வித்துட்டேன்.
நாலாயிரம் ஷேரும். ஒண்ணு நூத்திருபது."

பழைய ஃபைலை எடுத்தேன்.
இருபத்தாறு மாதத்துக்கு முன் இதே நாற்காலி,
கையில் மைசூர்பாகு டப்பா.
பெங்களூர் கம்பெனி. கோட்டையூர் வீட்டிலிருந்தே வேலை.
பத்து ரூபாய்க்கு ஒரு ஷேர் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள்,
நான்கு வருஷம் காத்திருந்து வாங்கியும்விட்டான்.
அதே ஷேருக்கு ஒரு மெர்ச்சன்ட் பேங்கர்
தொள்ளாயிரத்துப் பத்து என்று கையெழுத்துப் போட்டிருந்தார்.
நடுவில் நின்ற தொள்ளாயிரத்தை
நாலாயிரத்தால் பெருக்கிக் காட்டினேன்:
முப்பத்தாறு லட்சம். இது சம்பளம்.

எங்கே, என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான்.

ரூபாயாக வராத சம்பளம்.
வரி மட்டும் ரூபாயாக,
பதினொன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைய.
சந்தைக்கே வராத ஷேர், அன்று வாங்க ஆளில்லை.
தெய்வானையின் நகையெல்லாம் அடகுக்குப் போயின.
கழுத்திரு மட்டும் போகவில்லை,
அதைக் கேட்க இவனுக்கு வாய் வரவில்லை.

"கல்யாணம் முடிஞ்ச கையோட ஊர்ல
புள்ளி வரி கேட்டாங்க," என்றான் அன்றைக்கு.
"என்ன சம்பாதிக்கிறேன்னு ஒருத்தரும் கேக்கலை.
புள்ளி ஆயாச்சு, கட்டு. அது மாதிரியா?"
கிட்டத்தட்ட, என்றேன்.
கோயில் எல்லாப் புள்ளிக்கும் ஒரே தொகை கேட்கும்.
இது யாரோ ஒருவர் ஊகித்த விலைக்குக் கேட்கிறது.
கம்பெனியில் அவன் பங்கு எத்தனை விழுக்காடு என்று பார்த்தேன்.
புள்ளி பூஜ்யம் நான்கு.
சிரித்தோம். டப்பாவைத் திறந்தோம்.

இன்று டப்பா இல்லை.
"பத்துக்கு வாங்கி நூத்திருபதுக்கு வித்தா
லாபம்தானே, அதுக்கும் கட்டணுமா?"
இல்லை. கணக்கில் நீ வாங்கியது தொள்ளாயிரத்துப் பத்துக்கு.
ஷேருக்கு எழுநூற்றுத் தொண்ணூறு நட்டம்.
முப்பத்தொரு லட்சத்து அறுபதாயிரம்.
அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.
நட்டத்தைக் கேட்டு முகம் மலர்ந்த ஆளை
இந்த ஊரில் அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப அன்னைக்குக் கட்டினது திரும்ப வருமா?"

வராது.
எடுத்த நாளில் அது சம்பளம். விற்ற நாளில் சொத்து.
சொத்தின் நட்டம் சம்பளத்தின் கட்டத்துக்குள் போகாது.
"ஒரே ஷேர்தானே, ஷமீமா?"
ஒரே ஷேர்தான்.

கீழே இரண்டு மூட்டைகள் விழுந்தன.

நட்டத்தை எட்டு வருஷம் சுமக்கலாம், என்றேன்.
வேறு ஏதாவது சொத்தை விற்று லாபம் வந்தால்
அதில் கழித்துக்கொள்ளலாம்.
ஆனால் கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.
நேரத்தோடு சொன்னால்தான் நட்டமும் நட்டம்.
வேறு ஏதாவது இருக்கிறதா?

வெகுநேரம் பேசவில்லை.
"வீடு இருக்கு. இரண்டாம் கட்டுல ஒரு அறை.
முப்பத்திரண்டுல ஒரு பங்கு."
விற்கலாமே.
"இருபத்தொன்பது கையெழுத்து வேணும்.
ரெண்டு பேர் ஈப்போவுல, ஒருத்தர் நியூஜெர்சி,
நாலு பேர் ஒருத்தர் மேல ஒருத்தர் கேஸ்."
பிறகு, என்னிடமல்ல, மேஜையிடம் சொன்னான்:
"அதுவும் ஆப்ஷன்தான்.
பொறந்தன்னைக்கே குடுத்தாங்க. இன்னும் கைக்கு வரலை."

எட்டு வருஷம். இருபத்தொன்பது கையெழுத்து.
நட்டத்தை அதற்குரிய கட்டத்தில் தட்டச்சினேன்,
ஒவ்வொரு எண்ணாக, அவன் பார்த்துக்கொண்டிருக்க.

எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டியபடி
திரும்பிக் கேட்டான்:
"ஈப்போவுல இப்ப மணி என்ன இருக்கும்?"

இரண்டரை மணி கூட, என்றேன்.
தூங்கியிருக்க மாட்டார்கள்.